தலை தட்டிய கரண்டி

எங்கள் டாக்டருக்கு மாதாமாதம் மதராசிலிருந்து மருத்துவப் பத்திரிகை ஒன்று வரும். பழுப்புத் தாளில் இறுகச் சுருட்டி வரும் அதைத் தபால்காரர், "சார், உங்க கரும்பு வந்துருச்சு" என்று சொல்லித்தான் நீட்டுவார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் நிற்காது. நோயாளிகள் கூட்டம் கலைந்ததும் டாக்டர் அந்தச் சுருளைப் பிரித்து, திரும்பச் சுருண்டுகொள்ளாமல் இருக்க இரண்டு பக்கமும் மருந்து பாட்டில்களை வைத்து அமுக்கிக்கொண்டு படிக்க ஆரம்பிப்பார். நான் ஊசிகளைக் கொதிக்க வைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பேன். அந்த இங்கிலீஷில் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை அவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். புருவம் உயர்ந்தால் ஏதோ புதுசு. மேஜையைத் தட்டினால் பெரிய புதுசு.

"சிஸ்டர், இங்க வாங்க, இதைக் கேளுங்க!" என்று அவர் குரல் கொடுத்தால், ஊசி தண்ணீர் வற்றித் தீய்ந்தாலும் பரவாயில்லை என்று ஓடுவேன்.

உலகம் எனக்கு அந்த மேஜை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு தேசத்தில், செத்துப்போனவரின் இருதயத்தை எடுத்து இன்னொருவர் நெஞ்சில் வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று கேட்ட அன்று, வருகிறவர் போகிறவர் நெஞ்சையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். காசநோய்க்காரர்கள் ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காகப் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை, வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும் என்பதை நம் மதராசிலேயே சோதித்துக் காட்டியிருந்தார்கள். பெரியம்மைக்கு இரட்டை முனை ஊசி வந்தது. இன்னும் கொஞ்ச காலத்தில் அந்த நோயே பூமியில் இருக்காது என்று டாக்டர் சொன்னபோது, "சும்மா இருங்க சார், அம்மையாவது, இல்லாம போறதாவது" என்று சிரித்துவிட்டேன். நான் சிரித்ததுதான் மிச்சம், அம்மை போயே போய்விட்டது. யானைக்கால், தொழுநோய், பாம்புக்கடி என்று அந்தக் கரும்புக்குள்ளிருந்து ஒவ்வொரு மாசமும் ஏதாவது ஒன்று புதிதாக வந்துகொண்டே இருந்தது. வேறு பெண்கள் தொடர்கதைக்குக் காத்திருந்த வயதில் நான் இதற்குக் காத்திருந்தேன்.

நான் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்பில் பிறந்தவள். நர்ஸ் படிப்பு முடிந்து, திருப்பனந்தாளைத் தாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்து சேர வேண்டிய அந்த ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். நெல்லை எனக்குச் சோறாகத்தான் தெரியும். எங்கள் ஊரில் தேங்காயை எண்ணுவோம். எண்ணிக்கை முடிந்ததும் கொசுறாக ஒன்றிரண்டைத் தூக்கிப் போடுவோம். விவகாரம் அதோடு முடிந்தது. அளப்பது என்பது ஒரு சண்டை என்று இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷங்களில் டெல்டாவில் நிலத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. உச்சவரம்பு, பினாமிப் பட்டா, குடியிருக்கிற மனை யாருக்குச் சொந்தம், கூலி எவ்வளவு என்று டீக்கடையில்கூட இதே வழக்குதான். ஒரு பக்கம் ஆளும் கட்சி மேடையில் அடுக்குமொழியில் வாக்குறுதி. இன்னொரு பக்கம் வரப்பின் மேல் செங்கொடி. நடுவில் போலீஸ் வேன். எங்கள் ஊரில் கூலியை நெல்லாக அளந்தார்கள். மரக்காலில் நெல்லை வாரிப் போட்டால் மேலே கூம்பு மாதிரி குவிந்து நிற்குமல்லவா, அதை மிராசுதார் வீட்டுக் காரியஸ்தர் உள்ளங்கையால் ஒரே வழியாக வழித்துத் தள்ளிவிட்டுத்தான் கொடுப்பார். அதற்குத் தலை தட்டுவது என்று பெயர். வழித்த நெல் களத்திலேயே தங்கிவிடும். தலை தட்டக் கூடாது, குவித்துத்தான் அளக்க வேண்டும் என்று கூலி வேலை செய்த கீழத்தெருக்காரர்கள் கேட்டார்கள். குறுவை அறுவடை நேரத்தில் அந்த ஒரு கைப்பிடிக் குவியலுக்காகத்தான் வேலை நிறுத்தமும் ஊர்வலமும் தடியடியும் நடந்தன.

இதெல்லாம் என் காதில் விழுந்தது. மூளையில் ஏறவில்லை. என் மூளை முழுக்க அப்போது வேறொன்று உட்கார்ந்திருந்தது.

அந்த மாசக் கரும்பைப் பிரித்த டாக்டர் மேஜையைத் தட்டவில்லை. எழுந்து நின்றுவிட்டார். எழுந்தவர் சன்னல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து அதே பக்கத்தை மறுபடியும் படித்தார்.

"சிஸ்டர், வங்காளத்து அகதி முகாம்ல காலரா வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பாட்டில் தீர்ந்துபோச்சாம். ஊசியும் இல்ல, ஏத்துறதுக்கு ஆளும் இல்ல. என்ன பண்ணாங்க தெரியுமா? உப்பையும் சர்க்கரைச் சத்தையும் தண்ணில கரைச்சுக் குடிக்கக் குடுத்தாங்க. பிழைச்சிருக்காங்க சிஸ்டர், பிழைச்சிருக்காங்க!"

"குடிக்கவா சார்? பேதி ஆகிறவங்களுக்கா?"

எங்கள் பக்கத்தில் பேதி என்றால் முதல் காரியமாகத் தண்ணீரை நிறுத்துவார்கள். உள்ளே போனால்தானே வெளியே போகும் என்பது கணக்கு. ஐப்பசி மழையில் வாய்க்கால் கலங்கி வரும் மாதங்களில் எத்தனை குழந்தைகளை நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள்! நரம்பு கிடைக்காது. கிடைத்தால் குளுக்கோஸ் பாட்டில் இருக்காது. இரண்டும் இருந்தால் நேரம் இருக்காது. அப்படிப் போன ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். அதனால் டாக்டர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. உப்பும் சர்க்கரையுமா? அடுப்படியில் இருக்கிற உப்பும் சர்க்கரையுமா? இத்தனை நாளும் அது அங்கேயே இருந்ததே!

டாக்டர் எனக்கு விளக்கினார். பேதியில் குடலின் சுவர் தண்ணீரை உள்ளே விடாது. வெளியேதான் கொட்டும். ஆனால் சர்க்கரை போகிற வாசல் ஒன்று மட்டும் அடைபடாமல் இருக்கிறதாம். அந்த வாசலில் சர்க்கரை தனியாகப் போகாது, உப்பையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும். உப்பு போனால் தண்ணீர் பின்னாலேயே போய்விடும். நான் அவரை மூன்றாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன். இருதயம் மாற்றிய கதைகூட எனக்கு இவ்வளவு இனிக்கவில்லை.

"ஒரே ஒரு எச்சரிக்கை சிஸ்டர்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "உப்பு கூடக் கூடாது. கூடுச்சுன்னா விஷம். உடம்புல மிச்சம் இருக்கிற தண்ணியையும் அது இழுத்துடும். குழந்தைக்கு வலிப்பு வந்துடும். வாயில விட்டுப் பாருங்க, கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது. அதான் கணக்கு."

"பிழைச்சிருச்சுன்னு எப்படி சார் தெரியும்?"

"மூத்திரம் போகணும். போச்சுன்னா நாம ஜெயிச்சோம்."

எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் ஒரு சின்னக் கரண்டி வேண்டும் என்று டாக்டர் யோசித்தார். வீட்டுக்கு வீடு கரண்டி மாறினால் உப்பும் மாறிப்போகும். டவுன் பஸ் பிடித்துக் கும்பகோணம் போனேன். பாத்திரக்கடைத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரே அளவில், மொத்தமாக, மலிவாகக் கிடைத்தவை பூஜைக்குத் தீர்த்தம் கொடுக்கிற பித்தளை உத்தரணிகள்தான். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "எந்தக் கோயிலுக்கும்மா இவ்வளவு?" என்று கேட்டார். "வயித்துப்போக்குக்கு" என்றேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் மருந்துத் தராசில் ஒவ்வொரு கரண்டி உப்பாக நிறுத்துப் பார்த்து, தலை தட்டினால் ஒரு பெரிய செம்புத் தண்ணீருக்குச் சரியாக வருகிறது என்று சொன்னதும் நான் கைதட்டிவிட்டேன். வயசு அப்படி.

மறுநாளே கீழத்தெருவில் செங்கொடி பறக்கிற கொடிமரத்தடியில் கூட்டம் போட்டேன். வேலை நிறுத்தம் என்பதால் பெண்கள் எல்லாரும் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு செம்பு, ஒரு பொட்டலம் சர்க்கரை, இடித்துப் பொடித்த கல்லுப்பு. குடல் வாசல், கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற சர்க்கரை, எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னேன். அவர்கள் கண் விரியக் கேட்டார்கள். நான் நாடகக்காரியாகப் போயிருக்க வேண்டியவள் என்று எனக்கே தோன்றியது. கடைசியில் உத்தரணியில் உப்பை அள்ளி, மேலே குவிந்து நின்றதை விரலால் சுத்தமாக வழித்துத் தள்ளிக் காட்டினேன்.

"இப்படித் தலை தட்டித்தான் போடணும்."

சட்டென்று கூட்டம் அமைதியாகிவிட்டது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த கொடிக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஊர்வலத்தில் முதல் ஆளாகக் கொடியைப் பிடித்து நடப்பவர் என்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். களத்தில் காரியஸ்தர் தலை தட்டப் போனபோது, அந்தக் கையையே எட்டிப் பிடித்து நிறுத்தியவர். அதற்காக அவர் முதுகில் விழுந்த தடியடிக்கு நான்தான் மருந்து போட்டேன்.

"தலை தட்டித்தான் போடணுமா நர்ஸம்மா?" என்று நிதானமாகக் கேட்டார்.

"கட்டாயம்க்கா."

"சரி" என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். அவர் மடியில் இருந்த பெண் குழந்தை, அப்போதுதான் நடை பழகியவள், உத்தரணியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தோம். நான் வீட்டுக்கு ஒரு உத்தரணியாகக் கொடுத்துவிட்டு, உலகத்தையே காப்பாற்றிவிட்ட மிதப்பில் சுகாதார நிலையத்துக்குத் திரும்பி நடந்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் தண்ணீர் காவி நிறத்தில் ஓடியது. பேச்சுவார்த்தை முறிந்து, பஸ் மறியல் என்று சொன்னார்கள். டாக்டர் அதற்கு முந்தின நாளே கூட்டம் என்று தஞ்சாவூர் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். சுகாதார நிலையத்தில் நானும், நனைந்த நாயும், காலியான பாட்டில் அலமாரியும்தான்.

மத்தியானம் கொடிக்கார அக்காவின் வீட்டுக்காரர் சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"நர்ஸம்மா, பாப்பாவுக்கு நேத்துலேருந்து போவுதுங்க. நீங்க சொன்ன தண்ணியத்தான் காலையிலேருந்து குடுக்குறோம். ஆனா கேக்கலங்க. கேக்கவே மாட்டேங்குது. தண்ணி தண்ணின்னு பறக்குது, குடுத்தா துப்புது."

வங்காளத்தில் பிழைத்தார்களே, இங்கே ஏன் கேட்கவில்லை? டாக்டர் படித்தது பொய்யா? பையைத் தூக்கிக்கொண்டு அவரோடு ஓடினேன். ரோட்டோரத்து வயலின் மூலையில் சம்பா நடவு கருகி, ஒரு வட்டம் பழுப்பாகக் கிடந்தது. சுற்றிலும் பச்சை. மழையிலும் அது அப்படியே தெரிந்தது. எதற்கு அப்போது அதைக் கவனித்தேன் என்று தெரியவில்லை. பயந்தவள் கண்ணுக்கு எல்லாம் படும்.

வீட்டுக்குள் அரையிருட்டு. அக்கா குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். வாங்கிப் பார்த்தேன். உடம்பு அனலாகக் காய்ந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. வீறிட்டு அழுதாள். கண்ணீர் வரவில்லை.

"மூத்திரம் எப்போ போனா?"

"காலையிலேருந்து இல்ல."

சுவரோரம் செம்பு இருந்தது. பக்கத்தில் நான் கொடுத்த உத்தரணி, விளக்கித் துடைத்துப் பளபளவென்று. செம்பிலிருந்து ஒரு வாய் எடுத்து நாக்கில் விட்டேன். வாசலுக்கு ஓடித் துப்பினேன்.

"என்னக்கா இது! கோடியக்கரைக் கடலையே அள்ளிக்கிட்டு வந்தீங்களா?"

"நீங்க சொன்னதுதான். ஒரு கரண்டி உப்பு. கூட ஒரு கல்லு போடல."

"தலை தட்டினீங்களா?"

அக்கா உத்தரணியைக் கையில் எடுத்துக்கொண்டார். வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மெதுவாக, "நாங்க யாருமே தட்டறதில்ல நர்ஸம்மா" என்றாள். "தலை தட்டிப் போட்டா அது மிராசு வீட்டு அளவாச்சே?"

அப்போதுதான் அத்தனை நாளும் காதோடு நின்றது என் மூளையில் ஏறியது. கொடிமரத்தடியில் விழுந்த அமைதி. வாயைப் பொத்திய சிரிப்பு. எல்லா வீட்டிலும் ஒரே அளவுக் கரண்டி, எல்லாக் கரண்டியிலும் குவியல். இந்த மழை மாசத்தில் தெரு முழுக்கக் குழந்தைகள். பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அது என் பிறவிக் குணம்.

"தட்டித்தான் போடணும்னு சொன்னேனே! இது விஷம்க்கா! உப்பு கூடினா புள்ளைக்கு வலிப்பு வரும்! ஊரெல்லாம் கூட்டி வச்சு விரலால வழிச்சுக் காட்டினேனே, கண்ணு எங்க இருந்துச்சு உங்களுக்கு?"

அக்கா சீறினார். 'நீங்க' காணாமல் போய்விட்டது.

"கத்தாத. நீ வழிச்சதைப் பாத்தோம். நல்லாத்தான் பாத்தோம். அவன் களத்துல வழிக்கிறதும் அப்படித்தான் இருக்கும். அந்தக் கையைப் பிடிச்சதுக்குத்தான் என் முதுகுல அடி விழுந்துச்சு, நீதானே மருந்து போட்ட? இப்ப என் வீட்டுக்குள்ள, என் புள்ளைக்கு, என் கையாலயே நான் தலை தட்டி அளக்கணுமா? பெத்த புள்ளைக்கு எவளாவது குறைச்சு அளப்பாளா?"

குடல் வாசலும் கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற சர்க்கரையும் இந்தக் கேள்விக்கு முன்னால் எந்த மூலைக்கு? குழந்தை என் தோளில் வறண்ட குரலில் முனகியது. அந்த முனகலில் எனக்கு அந்தக் கருகின மூலை ஞாபகம் வந்தது.

"அண்ணே" என்று அவர் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "ரோட்டோரத்து வயல்ல ஒரு மூலை கருகிக் கெடக்குதே, ஏன்?"

அவர் குழம்பிப்போய், "அதுங்களா? யூரியா மூட்டை பிஞ்சு கொட்டிருச்சு" என்றார்.

"யூரியா பயிருக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"அங்க யாரும் தலை தட்டலையே? குவியலாத்தானே கொட்டிக் கெடந்துச்சு? அந்த மூலைதானே எல்லாத்தையும் விட நல்லா வந்திருக்கணும்?"

"அது எப்படிங்க? கருகிடும்ல..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். அப்புறம் செம்பைப் பார்த்தார்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். "கூலியக் குவிச்சு வாங்குங்கக்கா. ஒரு நெல்லுகூட விடாதீங்க. நானும் வந்து உங்க பக்கத்துல நிக்கிறேன். ஆனா உப்பு கூலி இல்ல. இது உரம். உங்களுக்குக் குவிச்சுத்தான் ஊத்தணும்னா தண்ணிய ஊத்துங்க, செம்பு வழியட்டும். அதை எவன் வந்து தட்டுறான்னு பாத்துருவோம்."

களத்தில் வந்து நிற்கிறேன் என்பது அரசாங்கச் சம்பளம் வாங்குகிற நர்ஸ் பேசுகிற பேச்சில்லை. டாக்டர் கேட்டிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார். எனக்கு அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவே இல்லை.

அக்கா செம்பை எடுத்து வாசலில் கவிழ்த்தார். கழுவினார். கொதிக்க வைத்து ஆறியிருந்த தண்ணீரை அது வழிகிற வரைக்கும் ஊற்றினார். நான் சொல்லச் சொல்ல, சர்க்கரையைத் தலை தட்டித் தட்டிப் போட்டார். கடைசியில் உத்தரணியில் உப்பை அள்ளினார். மேலே குவிந்து நின்றது. விரலைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். வாசலில் இருந்த பெண்கள் எல்லாரும் அந்த விரலையே பார்த்தார்கள். அடுத்த நிமிஷம், ஒரே வழியாக வழித்துத் தள்ளினார். வழித்த உப்பு தரையில் சிந்தியது.

"சரியா இருக்கான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

"கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது."

தடியடி பட்ட அன்றுகூட அந்தக் கண்களில் நான் தண்ணீர் பார்த்ததில்லை. அப்போது அது கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு செம்புத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் கண்ணீர், மறுபடியும் செம்பு. கடையில் எண்ணெய் வாங்கும்போது ருசி பார்க்கிற மாதிரி முகத்தைச் சுளித்து யோசித்தார்.

"இதுதான் கம்மியா கரிக்குது" என்று செம்பைக் காட்டினார்.

"அப்போ சரி. குடுங்க."

முதலில் வெறும் ஆறின தண்ணீரைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, அப்புறம் இதைக் கொடுக்க ஆரம்பித்தேன். அந்த உத்தரணியாலேயே, சொட்டுச் சொட்டாக. அவசரப்பட்டால் வாந்தி எடுப்பாள். எனக்கோ அவசரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கொடுத்தேன். காலையில் கொடுத்த கடல் தண்ணீரை அவள் பெரும்பாலும் துப்பிவிட்டாள் என்று அவள் அப்பா சொன்னது மட்டும்தான் எனக்குத் தெம்பு. வாயில் வைத்ததையெல்லாம் துப்புகிற பிடிவாதம் தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். இப்போது அவள் துப்பவில்லை. உத்தரணி வாய்க்கு வரும் முன்பே உதட்டைக் குவித்துக்கொண்டு காத்திருந்தாள்.

வாசலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். அலுத்துப்போய்ப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு செம்பு கவிழ்கிற சத்தம் கேட்டது. தெருவில் உப்புத் தண்ணீர் மழைத் தண்ணீரோடு சேர்ந்து ஓடியது. திரும்பி வந்தவர்கள் தங்கள் செம்பை எடுத்துக்கொண்டு வந்தார்கள். "நர்ஸம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க", "என்னுதைப் பாருங்க" என்று நீட்டினார்கள். ஒவ்வொரு செம்பிலும் நாக்கை வைத்து வைத்து என் நாக்கே மரத்துப்போனது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எங்கோ வங்காளத்தில் கண்டுபிடித்தது இந்தத் தெருவில் செம்பு செம்பாக என் கண் முன்னால் வேலை செய்யத் தயாராகிக்கொண்டிருந்தது!

குழந்தையின் உடம்புச் சூடு கொஞ்சம் தணிந்தது. தோலைக் கிள்ளினால் மடிப்பு முன்னைவிடச் சீக்கிரம் இறங்கியது. ஆனால் மூத்திரம் போகவில்லை. நான் அவள் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த துணி. அக்காவும் தொட்டுப் பார்த்தார். அவர் வீட்டுக்காரரும் தொட்டுப் பார்த்தார். மூத்திரத்துக்காக மூன்று பேர் இப்படித் தவம் கிடப்பார்களா என்று யாராவது அப்போது கேட்டிருந்தால் அடித்திருப்பேன்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அக்கா சிம்னி விளக்கை ஏற்றி வைத்தார். ரோட்டுப் பக்கம் போலீஸ் வேன் ஒன்று உறுமிக்கொண்டு போனது. தெருவில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு நாளாக இருந்தால் கொடியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவர், என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கோவத்துல உங்கள நீ வா போன்னுட்டேன் நர்ஸம்மா" என்றார் திடீரென்று.

"நான் மட்டும் என்ன, கண்ணு எங்க இருந்துச்சுன்னு கேட்டேனே. விடுங்கக்கா."

"களத்துக்கு வந்து நிக்கிறேன்னீங்களே, நெசமாவா?"

"நெசமாத்தான்" என்றேன். வேலை போய்விடும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வாபஸ் வாங்க மனசு வரவில்லை.

குழந்தை அழ ஆரம்பித்தாள். புதிய அழுகை. குரலில் ஈரம் இருந்தது. விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்லி முகத்தைப் பார்த்தேன். கண்ணோரத்தில் ஒரு சின்னத் துளி, அசையாமல், பளிச்சென்று நின்றது.

"அக்கா, கண்ணீர்! கண்ணீர் வந்துருச்சு பாருங்க!" என்று கத்தினேன். நான் கத்தியதில் வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். என்ன, என்ன என்று ஒரே கூச்சல். குழந்தை மிரண்டு என் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது என் மடி வெதுவெதுப்பானது. முதலில் கொஞ்சம். அப்புறம் நிறைய. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், எழுந்தால் நின்றுவிடுமோ என்கிற மாதிரி. வெள்ளைச் சேலை நனைந்து, பாயில் இறங்கி, தரையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அக்காவின் முழங்கால் வரைக்கும் போனது.

அக்கா அந்தக் கோட்டைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில், ஊர்வலத்தில் கோஷம் போடுகிற அதே குரலில் சொன்னார்:

"பாத்தீங்களாடி! என் மவ தலை தட்டாம அளந்துட்டா!"